வேனில் ஏறிய சின்னவள்

அவள் புருஷன் ஸ்கூல் வேன் ஓட்டினான். காலையில் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவான். அவனுடைய இரண்டு பெண்களோ வீட்டிலேயே படித்தார்கள்.

"உங்க பிள்ளைங்க மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று யாராவது கேட்டால், "எங்க வீட்டு டீச்சரைக் கேளுங்க" என்று நழுவிவிடுவான்.

அந்த டீச்சர் அவன் பெண்டாட்டிதான்; முன்பு மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். பெரியவளுக்குப் பேச்சு திக்கும். வாசிக்க எழுந்தால் வகுப்பே அவளைப் போலத் திக்கிக் காட்டிச் சிரிக்கும். ஒரு கட்டத்தில் அவள் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். அம்மா தன் வேலையை விட்டாள், பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். கைக்குழந்தையாக இருந்த சின்னவளுக்குப் பள்ளிக்கூட வாசனையே காட்டவில்லை.

சமையலறை மேஜைதான் வகுப்பறை. அங்கே பெரியவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வாய்விட்டு வாசித்தாள். பிடித்த பாடம் என்றால் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடமே வேண்டாத வேலை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஆனால் நாள் முழுக்க டீச்சராக இருந்ததில் அம்மாவாக இருக்க நேரமில்லாமல் போயிற்று. தலை பின்னும்போதுகூட வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள். சின்னவள் பாதிப் பின்னலோடு ஓடிவிடுவாள். லொடலொடவென்று பேசுகிற பெண், கேட்க ஆளில்லாமல் சுவரோடு பேசினாள்.

ஒருநாள் காலை பாட நேரத்தில் அவளைக் காணோம். அம்மா மாடி, தெரு எல்லாம் தேடி அலைந்தபோது புருஷன் போன் செய்தான்.

"சின்னவ இங்கதான் இருக்கா. பின் சீட்டுல பைங்களுக்கு நடுவுல ஒளிஞ்சு வந்திருக்கா. எல்லாரோடயும் இறங்கி வரிசையில வேற நின்னுட்டா."

வீட்டுக்கு வந்தவள்மேல் அம்மா கையை ஓங்கிவிட்டாள். "உனக்கு என்னடி குறை வச்சேன்?"

"பாடத்துக்கு ஒரு குறையும் இல்லம்மா. சண்டை போடத்தான் ஆள் இல்ல."

"அக்கா இருக்காளே!"

"அக்கா திருப்பிச் சண்டை போட மாட்டேங்கறா."

ஓங்கிய கை அடிக்காமலே தாழ்ந்தது.

"அனுப்பித்தான் பாரேன்" என்றான் புருஷன்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே, மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"மூஞ்சி உன்னுது. படிப்பு அவளுது."

சின்னவள் பள்ளியில் சேர்ந்தாள். மார்க் சுமார்தான். சண்டை போட்டாள், காய் விட்டாள், அழுதாள், மறுபடி பழம் விட்டாள். பெரியவள் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதி, நல்ல மார்க்கோடு கல்லூரிக்குப் போனாள். அங்கே நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாமல், டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்தாள். அதற்கு அம்மாவிடம் பாடம் இல்லை.

"ஏதாவது கேளுக்கா. பேனா இருக்கான்னாவது கேளு" என்றாள் சின்னவள். அம்மா துணி மடித்தபடி, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்துப் பெரியவள் யாருடைய பேனாவையோ எடுத்துக்கொண்டு வந்தாள். பேச்சு சுவாரசியத்தில் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டதாம்.