பூட்டுப் போட்ட குரல்

ஒரு சினிமா டிவிடியை வீட்டிலேயே காப்பி எடுத்தேன். முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் மெனக்கெட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம்.

அந்த டிவிடியில் என் அம்மாவின் குரல் இருக்கிறது. அம்மா சில வருடம் டப்பிங் பேசினாள். பெரும்பாலும் கூட்டத்தில் ஒரு குரல். குழாயடியில் சண்டை போடுகிறவள், பஸ்ஸில் சில்லறை கேட்கிறவள். ஒரே ஒரு படத்தில் மட்டும் கதாநாயகியின் அக்காவுக்கு ஆரம்பம் முதல் கடைசி வரை அம்மாதான் பேசினாள். டைட்டிலில் கேமராவுக்குக் குடை பிடித்தவர் பெயர்கூட வந்தது, அம்மா பெயர் வரவில்லை. படத்தில் அந்த அக்கா, அழுகிற தங்கையைப் பார்த்து, "போடி, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பாள். அதே வார்த்தையை அதே தோரணையில் அம்மா என்னிடமும் சொல்லியிருக்கிறாள். பரீட்சைக்குப் போகும்போது சொன்னாள், பிரசவத்துக்குப் போகும்போதும் சொன்னாள்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி என்று அடையாறில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தாள். குரல் போய்விட்டது. இப்போது மயிலாப்பூர் வீட்டில் என்னோடு இருக்கிறாள், சொல்ல நினைப்பதைச் சிலேட்டில் எழுதுகிறாள். எங்கள் போன்களில் அவள் குரலைத் தேடினேன். கல்யாண வீடியோக்களில் மேளச் சத்தத்துக்கு நடுவே "சாப்டியா" என்று அரை வார்த்தை, அவ்வளவுதான் கிடைத்தது.

அந்தப் படம் இணையத்தில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் சந்தா கட்டி, அம்மாவை டிவி முன் உட்கார வைத்தேன். படம் பளபளவென்று இருந்தது. அக்கா வாயைத் திறந்தாள். வந்தது யாரோ ஒரு பெண்ணின் குரல். பழைய ஒலி கெட்டுப்போனதால் எல்லோருக்கும் புதிதாகப் பேச வைத்தார்களாம். அம்மா ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு, கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது அப்பா வாங்கிய டிவிடிதான். அப்பா இல்லை, அவர் போட்ட சட்டம் மட்டும் வீட்டில் இருக்கிறது. "திருட்டு டிஸ்க் இந்த வாசப்படி தாண்டக் கூடாது" என்பார். தெரு முழுக்கத் திருட்டு விசிடி ஓடிய காலத்தில், தி.நகருக்குப் போய் ஒரிஜினலாகவே வாங்கி வந்தார். வந்த வாரம் ஆயுதபூஜை. அம்மா கத்தரிக்கோல், மிக்ஸி, பிளேயர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்து, டிஸ்க்குக்கும் வைத்தாள். மினுமினுக்கிற பக்கம்தான் முகம் என்று நினைத்து, அந்தப் பக்கத்தில் வைத்தாள். அப்பா பதறிப்போய் வேட்டி முனையால் அழுத்தித் துடைத்ததில் கீறல் விழுந்தது. அன்றிலிருந்து அந்த இடத்தில் படம் கொஞ்சம் திக்கும். இப்போது ஓரமும் உரிய ஆரம்பித்திருந்தது. பிளேயர் இரண்டு தடவை சுழற்றிப் பார்த்துவிட்டு வெளியே துப்பியது.

தி.நகரில் பழைய கேசட்டுகளைப் பென்டிரைவுக்கு மாற்றித் தரும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஒரிஜினலா கீது. இதுல காப்பி எடுக்க முடியாம லாக்கு இருக்கும்க்கா, நாங்க தொட மாட்டோம். கல்யாண கேசட்டு இருந்தா குடு, போட்டுத் தரேன்."

"இது நாங்க காசு குடுத்து வாங்கினதுண்ணே."

"அதாங்க்கா பிரச்சினையே. திருட்டு டிஸ்க்குன்னா லாக்கே இருக்காது, சுளுவா ஏறிக்கும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். திருடியவன் டிஸ்க்குக்குப் பூட்டு இல்லை. நல்ல பிள்ளையாக வரிசையில் நின்று வாங்கிய அப்பாவின் டிஸ்க்குக்குத்தான் பூட்டு. இந்த அழகுக்கு அந்த மனுஷன் வாசப்படியில் காவல் வேறு நின்றார்.

சைதாப்பேட்டை கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் சித்தப்பா அடுத்த நாள் அம்மாவைப் பார்க்க வந்தார். விஷயத்தைச் சொன்னேன். காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"சொந்த உபயோகத்துக்கு நியாயமா பயன்படுத்திக்கலாம்னு சட்டத்துல ஒரு இடத்துல இருக்கும்மா. பூட்டை உடைச்சா குத்தம்னு இன்னொரு இடத்துல இருக்கு. அதுவும், உரிமையை மீறணும்ங்கிற எண்ணத்தோட உடைச்சாதான். உன் எண்ணத்தை கோர்ட்டு எப்படிப் பாக்கும்னு நான் அடிச்சிச் சொல்ல முடியாது."

"அப்ப சரியா, தப்பா சித்தப்பா?"

"கேஸ் வந்தாதான் தெரியும்."

"வரட்டும்" என்றேன்.

"ஊர்ல இதுக்குப் பேரு திருட்டு காப்பிதாம்மா. அண்ணன் இருந்தா ஒத்துப்பாரா?" என்று கேட்டுவிட்டு அவர் கிளம்பிப் போனார். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அம்மா சிலேட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினாள். ‘வேண்டாம். திருட்டு.’

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஊமையாகிப்போன அம்மாவிடம் கத்தினேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கத்தினேன்.

"எதும்மா திருட்டு? உன் குரலை எடுத்துட்டு வேற ஒருத்தியைப் பேச வச்சாங்களே, உன்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? அன்னைக்கு உன் பேரைப் போட்டாங்களா? அந்த டிஸ்க் அடுத்த மழைக்காலம் தாங்காது. தாங்கினாலும் அதைப் போட்டுப் பாக்க மெஷின் இருக்காது. புது கம்ப்யூட்டர்ல டிஸ்க் போடற ஓட்டையே கிடையாது. இணையத்துல இருக்கறது நம்மளது இல்ல, நாளைக்கு அவங்க எடுத்துட்டா போச்சு. அப்புறம் உன் குரலை நான் எங்கம்மா போய்த் தேடுவேன்?"

அம்மா சிலேட்டைப் புடவைத் தலைப்பால் அழித்துவிட்டு எழுதினாள். ‘நல்லா துடைச்சிட்டுப் போடு.’

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்தேன். பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் துடைத்து, டிஸ்க்கை உள்ளே தள்ளினேன். ஓர் இலவச மென்பொருளில் பூட்டு ஒரு நிமிடத்தில் திறந்துகொண்டது. இதற்கா அத்தனை பயம் என்று சிரிப்பு வந்தது. ஆனால் குங்குமம் இருந்த இடத்துக்கு வந்ததும் காப்பி ஏறுவது நின்றுவிட்டது. உள்ளே கரகரவென்று அரைத்தது. எதிர்வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்து, "இன்னாம்மா சத்தம், மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டார். "இல்லக்கா, திருட்டு காப்பி போடறேன்" என்றேன். நல்லது என்பதுபோல் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். வேகத்தைக் குறைத்து, மறுபடி மறுபடி அதே இடத்தைப் படிக்க வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அதைத் தாண்டியது.

ஒரு பென்டிரைவிலும் ஒரு வெற்று டிஸ்க்கிலும் ஏற்றினேன். டிவியில் போட்டேன். தங்கை அழுதாள். படம் ஒரு நொடி திக்கியது, என் உயிரும் திக்கியது. அடுத்து அம்மாவின் முப்பது வயதுக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "போடி, எல்லாம் நான் பாத்துக்கறேன்."

நான் டிவியைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன். அவள் உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன. யார் யார் உதட்டுக்கோ குரலைப் பொருத்தியவள், தன் குரலுக்குத் தன் உதட்டைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்துகூட முந்தவில்லை, பிந்தவில்லை. நான் அழுதேன். அவள் அழவில்லை.

படம் முடிந்ததும் காப்பி டிஸ்க்கை எடுத்து, வெள்ளைப் பக்கத்தில் படத்தின் பெயரை எழுத மார்க்கரைத் திறந்தேன். அம்மா என் கையிலிருந்து மார்க்கரைப் பிடுங்கி, டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, இனிஷியலோடு, முழுசாக, தன் பெயரை எழுதினாள்.