இருமுறை கட்டிய ஸ்டேஷன்

ஹைதராபாத்தின் ஜீடிமெட்லாவில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியில், கைபேசியை வாசலில் வைத்துவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் போக வேண்டும். சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு வெளியே வந்து பார்த்தபோது ப்ரீத்தியிடமிருந்து ஆறு அழைப்புகள் வந்திருந்தன. திருப்பிக் கூப்பிட்டேன். "அங்கிள், மம்மி நோ மோர்" என்றாள். காலையில் காபி போட்டுக் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த அவள் அம்மா லோகநாயகி மேடம் மறுபடி எழுந்திருக்கவில்லை. அறுபத்தெட்டு வயது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் லோத்குண்டாவில் அவர் வீட்டு முன்னறையில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்து, தீக்குச்சியைச் சீவி வேலி கட்டிக்கொண்டிருந்தோம்.

அவரை அறிந்தவர்கள் பலவிதம். பாதுகாப்புத் துறை அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் உடன் வேலை பார்த்தவர்கள் உண்டு. எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து வந்த உறவினர்கள் உண்டு. எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் ஒரு பொம்மை ரயில் நிலையத்தின் வழியாகத்தான். எட்டடி நீளம், இரண்டடி அகலம் கொண்ட பிளைவுட் பலகையின் மேல் நின்ற அந்த நிலையத்தைப் பற்றிச் சொன்னாலே அவரைப் பற்றிச் சொன்னதாகிவிடும் என்று நம்புகிறேன்.

ஓய்வு பெற்ற வருடம் திருமுல்கேரியில் பழைய சாமான் கடை ஒன்றில் அவர் ஒரு மரப்பெட்டி வாங்கினார். வரைபடக் கருவிகள் வைக்கும் பெட்டி. உள்ளே இருந்த பித்தளைக் காம்பசுக்காகத்தான் வாங்கினார். வீட்டுக்கு வந்து துடைத்தபோது, அடியில் ஒட்டியிருந்த வெல்வெட் துணிக்குக் கீழே ஐந்து கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் இருந்தன. எல்லாம் இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிற்றூரின் ரயில் நிலையம். ஒற்றைத் தண்டவாளம், ஒரே பிளாட்பாரம், கல்லால் கட்டிய சின்னக் கட்டடம், பால் கேன்கள், ஒரு கைகாட்டி சிக்னல். ஒரு படத்தின் பின்புறம் பென்சிலில் 'எங்கள் ஸ்டேஷன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஊரின் பெயர் எங்கும் இல்லை. அந்தக் காலத்தில் இங்கே கண்டோன்மென்டில் இருந்த எந்த வெள்ளைக்காரச் சிப்பாய் அவற்றை மறைத்து வைத்தானோ, தெரியாது.

சங்கத்தின் பொங்கல் விழாவில் அந்தப் படங்களை எனக்குக் காட்டினார். நான் சிறு வயதிலிருந்து பொம்மை ரயில் பைத்தியம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சார், இதைக் கட்டலாமுங்களா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு, கட்டுவதானால் நம்ம ஊர் ஸ்டேஷன் ஒன்றைக் கட்டலாமே என்றேன்.

"நக்கோங்க சார்" என்றார்.

ஹைதராபாத்தின் 'நக்கோ'வையும் கொங்கு நாட்டின் 'ங்க'வையும் ஒட்டவைத்த அந்தச் சொல்லை உலகத்தில் அவர் ஒருவர்தான் பயன்படுத்தினார் என்று நினைக்கிறேன். மறுப்பும் மரியாதையும் சேர்ந்த சொல். பிறகு காரணம் சொன்னார்: "செகந்திராபாத்தைக் கட்டோணும்னா எனக்கு இன்னொரு ஜென்மம் வேணும். இது சின்னது. முடிக்கலாம். ஆரம்பிக்கறது முடிக்கறதுக்குத்தானுங்களே."

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. நான், சங்கத்திலிருந்து இன்னும் இரண்டு நண்பர்கள், மேடம். நிஜத்தில் ஓர் அடி என்றால் பலகையில் நான்கு மில்லிமீட்டர். அவர் புகைப்படத்தில் நின்ற ஒரு போர்ட்டரின் உயரத்தையும் கதவின் உயரத்தையும் ஒப்பிட்டு, அதிலிருந்து கூரை, புகைபோக்கி, பிளாட்பாரம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு முழு வரைபடத்தையும் போட்டார். ஆறு தாள்கள். ஒரு கோடு கூட அழித்து வரைந்ததாக இல்லை.

இங்கிலாந்தின் புல் என்ன பச்சை என்று எங்களுக்குள் பெரிய விவாதம். கறுப்பு வெள்ளைப் படம் அதைச் சொல்லாது. நான் இணையத்தில் தேடி இருபது பச்சைகளைக் கொண்டுபோனேன். அது ஆகஸ்ட் மாதம். அவர் என்னை அழைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். அங்கே ராணுவ நிலத்தின் கம்பி வேலிக்கு அப்பால் மழை குடித்த புல் முழங்கால் உயரம் நின்றது. "மழை பேஞ்ச புல்லு எந்த ஊர்லயும் இப்படித்தானுங்க இருக்கும்" என்று ஒரு கைப்பிடி பிடுங்கிவந்து, மரத்தூளில் சாயம் கலந்து, அதற்குச் சரியாகப் பொருந்தும்வரை ஏழு தடவை மாற்றினார். தண்டவாளத்துக்கு நடுவே போடும் ஜல்லிக்கு நம் ஊர்க் கருங்கல் தூளைச் சல்லடையில் சலித்தோம். இங்கிலாந்து நிலையத்துக்கு அடியில் கிடந்தது முழுக்கத் தெலங்கானாக் கல்.

கட்டடம் என் பொறுப்பு. முட்டை அட்டையை வெட்டிக் கல் சுவர், தடித்த காகிதத்தைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டிக் கூரை ஓடு. ஓடு ஓடாக ஒட்டினேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அது என் கையால் நான் செய்தவற்றிலேயே சிறந்தது என்று இன்றும் கூச்சமில்லாமல் சொல்வேன். பிளாட்பாரத்தின் பெயர்ப்பலகை மட்டும் காலியாக நின்றது. ஏதாவது ஓர் ஆங்கிலப் பெயரை எழுதிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. "தெரியாததை எழுதினா, தெரிஞ்சு செஞ்ச மத்ததும் பொய்யாயிரும்" என்றார்.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கவிருந்த பொழுதுபோக்குக் கண்காட்சியில் எங்கள் நிலையத்தை வைக்கச் சம்மதித்திருந்தோம். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆரோக்கியசாமி ஐயா வந்தார். ரயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அரக்கோணத்துக்காரர். ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் நண்பர் ஒருவர்தான் பார்க்கட்டும் என்று கூட்டிவந்தார். அவர் குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய், டிரைவர் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"அம்மா, வேலை அருமை. ஆனா சிக்னல் கை ரைட்டு சைடுல நீட்டிக்கினு இருக்குதே. நான் வண்டி ஓட்டின காலம் பூரா கை லெஃப்டுலதான் நீட்டும். வெள்ளக்காரன் வச்ச முறைதானே அது?"

படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று நான் உடனே படத்தை எடுத்துக் காட்டினேன். உண்மைதான், கை வலப்பக்கம்தான் நீண்டிருந்தது. "அப்ப சிக்னலை மட்டும் திருப்பிரலாம்" என்றேன். மேடம் எழுந்து உள்ளே போனார். பூதக்கண்ணாடியை எடுத்துவந்து அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க" என்றார். நின்றேன். என் சட்டைப் பொத்தான்களைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஆம்பிளைங்க சட்டையில இடது பக்கத் துணிதானுங்களே மேல வரும். இந்தப் போர்ட்டரோட கோட்டுல வலது பக்கம் மேல வந்திருக்குது. இன்னொரு படத்துல அதே ஆளு, அதே கோட்டு. அதுல சரியா இருக்குது."

ஐந்து படங்களில் நிலையம் முழுவதும் தெரிவது அந்த ஒன்றுதான். மற்றவை கதவு, விளக்கு, பால் வண்டி, ஆட்கள் என்று அருகில் நின்று எடுத்தவை, எது எந்தப் பக்கம் என்று சொல்லாதவை. அந்த ஒரு படத்தை அச்சிட்டவர் நெகட்டிவைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். நாங்கள் அதை நம்பி முழு ஊரையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகக் கட்டிவிட்டோம்.

ஆரோக்கியசாமி ஐயா சங்கடத்தோடு, "நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். "நீங்க சொன்னதுதானுங்க இந்த வீட்டுக்கு இன்னைக்கு வந்த நல்லது" என்று அவருக்கு இன்னொரு டம்ளர் டீ கொடுத்தார் மேடம். அவர் போனதும் எங்களிடம் திரும்பி, "பிரிச்சிரலாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. "இங்கே யாருக்குத் தெரியும், மேடம்? அது எந்த ஊர் என்று நமக்கே தெரியாது. அந்த ஊர்க்காரன் வந்து கேட்கப் போகிறானா?" என்றேன்.

"நமக்குத் தெரிஞ்சிருச்சுங்களே."

"மூன்று வாரத்தில் கண்காட்சி."

"அதுக்கென்னங்க?"

அந்த 'அதுக்கென்னங்க'வைத் தாங்க முடியவில்லை. ஒரு வருடத்து ஓடுகள் என் கண்முன் நின்றன. இது உங்கள் பிடிவாதம், இதில் எனக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருமுல்கேரியில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த இரண்டு ஞாயிறும் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

கண்காட்சி நாளன்று போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மதியத்துக்கு மேல் மனது கேட்கவில்லை. கூட்டத்தில் ஒளிந்து நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். ஒளிய இடமில்லை, ஏனென்றால் மண்டபத்தின் பெரிய கூட்டமே எங்கள் மேசையைச் சுற்றித்தான் நின்றது. பலகையில் பாதி வெறும் மரம். மீதியில் புதிய தண்டவாளம் எதிர்ப்பக்கமாக ஓடியது. மேடம் முக்காலியில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் ஸ்லீப்பர் கட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். மேலே ஓர் அட்டை, தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அவருடைய வரைபட எழுத்தில்: 'இந்த நிலையத்தை நாங்கள் இடம் வலம் மாற்றிக் கட்டிவிட்டோம். இப்போது சரிசெய்கிறோம். எப்படிக் கண்டுபிடித்தோம் என்று கேளுங்கள்.'

எல்லோரும் கேட்டார்கள். அவர் புகைப்படத்தையும் பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்து, அவரவர் சட்டைப் பொத்தானைப் பார்க்கச் சொன்னார். மண்டபம் முழுக்க மனிதர்கள் தங்கள் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த காட்சியை நான் மறக்கமாட்டேன். ஒருவர் மட்டும் கொஞ்சம் காரமாக, "கைக்கு அம்மா, வெள்ளைக்காரன் ஸ்டேஷனுக்கு இத்தனை பாடு?" என்றார். 'கைக்கு' என்றால் ஹைதராபாத் இந்தியில் 'எதற்கு'. மேடம் வேலையை நிறுத்தாமல், "ஹவ் பாய், ஆமாங்க, அவனோட ஸ்டேஷன்தான். ஆனா தப்பு எங்களோடது" என்றார். கேட்டவர் சிரித்துவிட்டார். அரைமணி நேரம் அங்கேயே நின்றார்.

நான் நிற்பதை அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் நடக்காததுபோல, "வாங்க சார்" என்றார். பக்கத்தில் ஒரு சிறு மேசையில் என் கட்டடம், ஒரு கீறல்கூட இல்லாமல், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

"உங்க கட்டடத்தை நான் தொடலீங்க. மத்ததெல்லாம் நான் போட்ட வரைபடம், நான் பிரிச்சேன். இது உங்க கைவேலை. வெட்டறதா, அப்படியே வைக்கறதான்னு நீங்கதான் சொல்லோணும். வைக்கறதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

அதை அவர் தந்திரமாகச் சொல்லவில்லை. வைக்கலாம் என்று நான் சொல்லியிருந்தால் நிஜமாகவே வைத்திருப்பார். அதனால்தான் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிளேடைக் கேட்டேன். புகைபோக்கியை முதலில் எடுத்தேன். சுற்றி நின்றவர்கள் 'ஐயோ' என்றார்கள். கூரையைக் கழற்றியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஐந்தாறு ஓடுகள் கையோடு வந்ததும், முதல் தடவை அவற்றை எவ்வளவு பசை பூசி ஒட்டியிருந்தேன் என்பது தெரிந்தது. இரண்டாவது தடவை அதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்றும் தெரிந்தது. செய்தேன்.

மறுபடி கட்டி முடிக்கப் பதினோரு மாதம் ஆயிற்று. திறப்பு விழா என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆரோக்கியசாமி ஐயாவை அழைத்து, சிக்னலை இறக்கும் சின்ன நெம்புகோலை அவர் கையில் கொடுத்தோம். கை இடப்பக்கம் நீண்டிருந்தது. அவர் அதை இறக்கியதும் இரண்டு பெட்டிகளோடு எஞ்சின் புல்வெளியோரமாக வந்து பிளாட்பாரத்தில் நின்றது. மேடம் குனிந்து பார்த்தார். "சரிங்க, இனி அந்த லாம்ப் கம்பத்தைக் கொஞ்சம் நிமித்தோணும்" என்றார்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, ப்ரீத்தி என்னை முன்னறைக்கு அழைத்துப்போனாள். வரைபடங்கள் அவளிடமே இருக்கும். பலகை எங்கள் வீட்டுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகள் தொடரும். எல்லாம் பேசி முடிவாயிற்று. தமிழில் பேச அவளுக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் அன்று தமிழிலேயே பேசினாள்.

"அங்கிள், நீங்க கோச்சுக்கிட்டுப் போனீங்களே, அந்த டே நான் இங்க இருந்தேன். மம்மி டின்னர் டைம் வரைக்கும் எல்லாம் பிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப ஹாப்பி. பாட்டு எல்லாம் பாடினாங்க. நான் கேட்டேன், இவ்ளோ வேலை போச்சே, கைக்கு இவ்ளோ ஹாப்பி? மம்மி சொன்னாங்க, 'போகலடி. ஒரு வருஷமா நான் அந்த ஊரைத் தப்பாப் பாத்துட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் அந்த ஊருக்குள்ள இறங்கியிருக்கேன்.'"

நான் ஸ்கூட்டரில் கொதித்துக்கொண்டு போன அதே நேரம் அவர் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். தவறைத் திருத்துவதை அவர் கடமையாகச் செய்தார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கிறது. லோகநாயகி மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தச் சந்தோஷத்தைத்தான்.