கண்டக்டர் சுப்பையன் வைத்த செய்வினை

புக்கிட் ரம்பாய் பஸ் கண்டக்டர் சுப்பையன், ஜாலான் துக்காங் எமாஸ் தெருச் செட்டியார் வீட்டுப் பையன் சொக்கப்பனுக்குச் செய்வினை வைத்துவிட்டான் என்று மலாக்காவில் காஜா பெராங் வட்டாரம் முழுக்கப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை டீ டான்ஸ் என்ற மாலை நடனத்தில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த சொக்கப்பன் பாதியில் விரல் விறைத்து நின்றானாம். கோட்டும் சூட்டுமாக மேடையில் தவழ்ந்தானாம். வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லையாம். சுப்பையனின் கிதாரைப் பார்த்தால், கம்பிகளுக்கு அடியில் கறுப்பு நூல் சுற்றிய பழுப்பு நிறப் பொட்டலம் ஒன்று. உள்ளே சுடுகாட்டு மண் என்றார் ஒருவர். தலைமுடி என்றார் இன்னொருவர். பூக்கடை மல்லிகா தன் பங்குக்கு ஒரு பல்லியையும் சேர்த்துவிட்டாள்.

விசாரித்துப் பார்த்ததில், தவழ்ந்தது நிஜம். காய்ச்சல் நிஜம். பொட்டலமும் நிஜம். செய்வினை இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. மண், முடி, பல்லி மூன்றும்தான் இல்லை. பொட்டலத்துக்குள் இருந்தது சுப்பையனின் பஸ்ஸை ஓட்டும் மருதமுத்துவின் சீட்.

முழு சீட் அல்ல, அதில் ஒரு கைப்பிடி அளவு.

எல்லாம் நகைக்கடை கலியாணசுந்தரத்தின் மகள் கல்யாணத்தில் ஆரம்பித்தது. நாடு மலாயாவிலிருந்து மலேசியாவாகப் பெயர் மாற்றிக்கொள்ளத் தயாராகிக்கொண்டிருந்த வருஷம். ஊர்ப் பையன்களும் கிதாரை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டார்கள். சொக்கப்பனின் கோஷ்டிக்குப் பெயர் ஓம்பாக் பாய்ஸ். ஓம்பாக் என்றால் அலை. மலாக்காக் கடலில் அலை எழும்பிப் பார்த்தவர் யாருமில்லை. இங்கே தண்ணீர் கரைக்கு வருவதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருவதுபோல இருக்கும். ஆனால் தெரெண்டாக் முகாமுக்கு வந்த ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் கூடவே சர்ஃப் ரெக்கார்டுகளையும் கொண்டுவந்திருந்தார்கள். பலகைமேல் நின்று அலையில் சறுக்குகிறவர்களின் இசை. பாடகன் தேவையில்லை, கிதாரே பாடும். நீச்சல் தெரியாத சொக்கப்பனுக்கு அது ரத்தத்தில் ஏறிவிட்டது.

ஆம்ப்ளிஃபயர் சொக்கப்பனுடையது. ஆகவே கோஷ்டியும் அவனுடையது. சுப்பையன் அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவன், கல்யாணமானவன், ரிதம் கிதார் வாசிக்கிறவன். இருந்தாலும் சொக்கப்பனுக்கு அவன் ‘டேய்’தான்.

கல்யாணப் பந்தலில் அந்த ஆம்ப்ளிஃபயரில் கிதார் சொருக இருந்ததே சொற்பத் துளைகள். சொக்கப்பன் புதிதாக வாங்கிய, எதிரொலி கிளப்பும் எக்கோ பெட்டிக்கு இடம் தேவைப்பட்டது. குனிந்து, சுப்பையனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் சொருகிக்கொண்டான். சுப்பையன் தலையாட்டிக்கொண்டே மூன்று பாட்டு வாசித்தான். கேட்டவர் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த இரைச்சலில் சுப்பையனுக்கே தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொக்கப்பன் பிளக்கைத் தூக்கிக் காட்டினான்.

“டேய் சுப்பையா, இது யாருது? மூணு பாட்டா வெளியில கெடக்கு! நீ வாசிச்சாலும் ஒண்ணுதான், வாசிக்காட்டியும் ஒண்ணுதான்டா!”

பாயசம் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார்கள். சுப்பையன் கிதாரை உறையில் போட்டுக்கொண்டு, இலையில் உட்காராமலே கிளம்பிவிட்டான்; அதோடு கோஷ்டிப் பக்கமும் போகவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கேலி வந்துவிட்டது. “கண்டக்டரே, பிளக்கு போட்டிருக்கா? சத்தமே காணோம்!” புக்கிட் ரம்பாய் வரைக்கும் இதே. சுப்பையன் ‘நில்’ என்று மணிக் கயிற்றை ஒருமுறை இழுத்தான். மருதமுத்து பிரேக்கை மிதிக்க, கேலி பேசியவர்கள் எல்லாரும் ஒன்றாக முன்னால் சாய்ந்து மூக்கை இடித்துக்கொண்டார்கள். இறங்குவதற்கு அங்கே ஸ்டாப்பே இல்லை.

“ஏன்டா நிறுத்தினே?” என்றார் மருதமுத்து.

“சும்மாண்ணே. பாத்தேன்.”

பார்த்தது என்ன என்று மருதமுத்துவுக்கு அப்போது புரியவில்லை. பஸ் ஓடும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. நின்றால்தான் எல்லாருக்கும் உடம்பில் தெரிகிறது. நான் நிறுத்தினால் சொக்கப்பன் முன்னால் விழ வேண்டும் என்று சுப்பையன் முடிவு கட்டியது அந்த ஸ்டாப் இல்லாத ஸ்டாப்பில்தான்.

சில மாதம் கழித்து, ஓம்பாக் பாய்ஸ் டிரம் வாசிக்கும் தேவதாஸ் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்தான். சிட்டி கம்பம் என்கிற, பல தலைமுறைக்கு முன் வந்த தமிழர் குடியிருப்புப் பையன். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய்.

“அண்ணே, பஸ் தடாலா! மாத்திலா கித்தா!” என்றான். பஸ் இல்லை, செத்தோம் என்று அர்த்தம்.

“இதோ நிக்குதே, கண்ணு தெரியலையா?” என்றார் மருதமுத்து, ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டி.

“இந்த பஸ் இல்ல மாமா, கித்தார் பஸ்!”

ஓடுகிற பஸ்ஸுக்கும் பாஸ் கிதாருக்கும் மலாயில் ஒரே சொல். டீ டான்ஸுக்கு ஆஸ்திரேலியர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், சர்ஃப் பாட்டுத்தான் வேண்டுமாம், தாளத்துக்கு அடிச்சத்தம் கொடுக்கும் பாஸ் கிதார் இல்லாமல் மேடை ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டார்களாம். சொக்கப்பன் ஆள் தேடுகிறான். நாலே கம்பி, மெனக்கெட்டு வாசிக்க யாரும் வரவில்லை. யார் நின்றாலும் சரி என்கிறான்.

“யார் நின்னாலும் சரியா?” சுப்பையன் டிக்கெட் பையை மூடினான். “நான் நிக்கிறேன்னு சொல்லு.”

டவுனில் கிதார் விற்கும் சீனர் கடைக்கு மருதமுத்துவையும் இழுத்துக்கொண்டு போனான். கடையில் மூன்று பாஸ் இருந்தன. கடை முதலாளி தவ்கே முதலில் எடுத்துக் கொடுத்தது உள்ளே கூடான, வயலின் மாதிரி இடுப்பு வைத்தது. சுப்பையன் ஒரு கம்பியைத் தட்டினான். உடனே உள்ளங்கையை வைத்து அடக்கினான். அதுபாட்டுக்கு உள்ளே ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருந்தது.

“இது வேணாம். நிறுத்தின பிறகும் பேசுது.”

அடுத்தது குட்டைக் கழுத்துச் சிவப்பு. கைக்கு அடக்கம், தோளுக்கு இலேசு. ஆனால் கம்பி தொளதொளவென்று, சத்தம் சேற்றில் கால் வைத்த மாதிரி. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை.

தவ்கேக்குப் பொறுமை போய்விட்டது. “லூ மாவ் பெலி சத்தமா, சும்மா இருக்கிறதா?” என்றார், நீ வாங்க வந்தது எதை என்று மலாயையும் தமிழையும் கலந்து.

“சும்மா இருக்கிறதுதான் தவ்கே. நல்லா சும்மா இருக்கிறதா குடுங்க.”

கடைசியாகப் பின்னால் இருந்து வந்தது ஊர் திரும்பிய சிப்பாய் ஒருவன் போட்டுவிட்டுப் போன கறுப்பு பாஸ். கழுத்து நீளம், முழுக் கட்டை, தோளை இறக்கும் கனம். தட்டியதும் ‘தும்’ என்று நெஞ்சில் விழுந்தது. பாதகமில்லை; ஆனாலும் சத்தத்தின் வால் கொஞ்சம் நீண்டது. சொக்கப்பனின் கிதாரும் எக்கோவும் தண்ணீருக்குள் கிடப்பது போலக் கொழகொழக்கும். அதற்கு நடுவில் ஒன்றாவது ஈரமில்லாமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நின்றது எவனுக்குத் தெரியும்?

சுப்பையன் கம்பிகள் முடியும் இடத்துக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தான். இரண்டு விரல் இடைவெளி.

“அண்ணே, உங்க சீட்டு கிழிஞ்சிருக்கில்ல?”

“இருக்கு. அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல, கேட்டேன்.”

பழைய கிதாரையும் சைக்கிளையும் தவ்கேயிடம் விட்டுவிட்டுக் கறுப்பு பாஸைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீடு வந்தான். மனைவி ருக்மணி பார்த்துவிட்டு, “ஓட்டுற சைக்கிளைக் குடுத்து இழுக்குற வண்டி வாங்கியிருக்கீங்க” என்றாள்.

அடுத்த நாள் மருதமுத்து சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ‘ஐயோ’ என்றார். ஸ்பாஞ்சு இருந்த இடத்தில் ஸ்பிரிங் இருந்தது. அந்த ஸ்பாஞ்சை ருக்மணியின் கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டி, கம்பிகளுக்கு அடியில் செருகிவிட்டிருந்தான் சுப்பையன். இப்போது தட்டினால் ‘தும்’. கையை எடுத்தால், கதவைச் சாத்தியது போல அமைதி.

டீ டான்ஸ் அன்று மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஆடினார்கள். சொக்கப்பன் வந்ததும், “டேய், ஓரமா நின்னு தட்டு, எனக்குக் குறுக்க வராதே” என்றான். சுப்பையன் ஓரமாகத்தான் நின்றான். குறுக்கே வரவில்லை. ஒரு பிசகில்லாமல் தட்டினான். தேவதாஸின் டிரம்மும் அவன் பின்னாலேயே போனது. அவ்வளவு பேரின் கால்களும் தன் நாலு கம்பியில் கட்டியிருப்பது சுப்பையனுக்கு உள்ளங்கையில் தெரிந்தது. அவசரப்படவில்லை. அத்தனை மாதம் பொறுத்தவனுக்கு ஒரு பாட்டு என்ன?

சொக்கப்பனின் பெரிய சோலோ வந்தது. கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, விரல் கம்பியில் சறுக்க ஆரம்பித்தான்.

சுப்பையன் உள்ளங்கையை வைத்தான்.

பழக்கத்தில் தேவதாஸும் நிறுத்திவிட்டான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் தள்ளாடினார்கள். ஓர் அம்மாள் தன் ஜோடியின் நெஞ்சில் போய் முட்டிக்கொண்டாள். சொக்கப்பனும் அவன் எக்கோ பெட்டியும் மட்டும் மிச்சம். வாசித்தது எது, திரும்பி வந்தது எது என்று பிரித்துக் காட்டத் தாளம் இல்லை. தன் குரலையே துரத்திக்கொண்டு ஓடினான், தடுக்கினான், நின்றான். கண்ணைத் திறந்தான். மண்டபம் முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னடா ஆச்சு?” என்றான், உதடு அசையாமல்.

“தெரியலையே தம்பி. பிளக்கு பாரேன்.”

மூளை குழம்பியவன் நிஜமாகவே குனிந்தான். முட்டி போட்டான். வெள்ளைக் கோட்டோடு ஒயர்களுக்கு நடுவே தவழ்ந்து ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கீழே முதலில் ஒரு சிப்பாய் சிரித்தான், பிறகு எல்லாரும்.

சுப்பையன் நன்றாகப் பார்த்துக்கொண்டான். கண்ணால் குடித்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. பிறகு, புறப்படலாம் என்று கண்டக்டர் கயிற்றை இழுக்கிற கணக்கில், தும் தும் என்று இரண்டு தட்டு. தேவதாஸ் பிடித்துக்கொண்டான். மண்டபம் மறுபடி ஆட ஆரம்பித்தது. சொக்கப்பன் இன்னும் தரையில்தான் இருந்தான்.

அன்றைக்கே காய்ச்சல். அவன் தாயார் அழகம்மை ஆச்சி தேவதாஸைக் கூப்பிட்டு விசாரிக்க, அவன் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், “கண்டக்டர் கித்தாருக்கு அடியில கறுப்பு நூல் கட்டி ஒண்ணு வெச்சிருக்காரு” என்றான். அதற்கு மேல் பூக்கடை மல்லிகா பார்த்துக்கொண்டாள்.

சொக்கப்பன் எழுந்துவிட்டான். ஓம்பாக் பாய்ஸ் இப்போதும் வாசிக்கிறார்கள். வேறு பாஸ்காரன் கிடைக்கவில்லை. ‘டேய்’ போய்விட்டது, ‘அண்ணே’ இன்னும் வரவில்லை. ஒரு மாற்றம் மட்டும் எல்லாரும் கவனித்தது: சோலோ வாசிக்கும்போது சொக்கப்பன் கண்ணை மூடுவதில்லை. சுப்பையனின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேதான் வாசிக்கிறான்.

கோணிப்பையை மடித்துப் போட்டு உட்கார்ந்து ஓட்டும் மருதமுத்து திங்கட்கிழமைதோறும் கேட்கிறார்: “அதான் பழி தீர்த்துட்டியே, என் ஸ்பாஞ்சைக் குடேன்டா. இடுப்பு போச்சு.”

“மூணு பாட்டுக்கு என் பிளக்கைப் புடுங்கினான்ணே. நான் ஒண்ணுதான் நிறுத்தியிருக்கேன்,” என்று சுப்பையன் மணிக் கயிற்றை இரண்டு தரம் இழுக்கிறான். “ரெண்டு பாக்கி. முடிஞ்சதும் தர்றேன்.”