வலப்பக்கத்து மூன்று கிளாஸ்கள்

ஐஸ்கிரீம் வாளியின் கைப்பிடியை அன்று எண்ணூற்று நாற்பது தடவை சுற்றினேன். எண்ணாமல் ஒரு வேலையும் எனக்கு அன்றும் ஓடாது, இன்றும் ஓடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. மரத்தூளும் சாக்கும் சுற்றி வந்த ஐஸ்கட்டியை உடைத்து, கல்லுப்பு தூவி, நடுவிலிருந்த தகரக் குவளையில் பாலும் சர்க்கரையும் ஊற்றிச் சுற்றினேன். வாளி என்னோடு வேலை பார்த்த கிளார்க்கினுடையது. அவரும் இன்னொரு கிளார்க்கும் முன்னறையில் காத்திருந்தார்கள்.

வெனிலா எசென்ஸ் போட்ட ஐஸ்கிரீம் சோடாவில் பிராந்தி விட்டு, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் மிதக்கவிட்டு வெள்ளைக்காரர்களின் கிளப்பில் குடிப்பதை அந்த வாளிக்காரர் பார்த்திருந்தார். ஒரு மாதமாக அதே பேச்சு. "நம்ம தொண்டை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஆபீஸில் தினம் கேட்பார். பிராந்தி என் வீட்டில் இருந்தது. மனைவியின் பிரசவத்துக்கு மருந்தாக வாங்கியதில் பாதி மிச்சம்.

அதே வீட்டில் என் தங்கையும் இருந்தாள். அவள் கணவர் கிள்ளானில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் கள்ளுக்கடையைத் தாண்டி அவரால் வர முடியாது. காய்ச்சலில் கிடந்தவளைத் தனியே விட்டு இரண்டு நாள் வீடு திரும்பாமல் இருந்தார். மூன்றாம் நாள் அவளே ரயிலேறி என்னிடம் வந்துவிட்டாள். அவர் தேடி வந்தபோது, "ஒரு வருஷம் தொடாம இருங்க, நானே வரேன்" என்றாள். மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கிள்ளானிலிருந்து வந்து, அவளைப் பார்த்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டுக் காலண்டரில் நாட்களை எண்ணி எழுதியது நான்தான். அந்த ஞாயிறு முந்நூற்றுப் பன்னிரண்டாவது நாள். மீதி ஐம்பத்து மூன்று. அன்றும் அவர் அப்போதுதான் ரயிலிறங்கி வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார்.

பெண்கள் பின்கட்டில் இருந்தபோது ஆறு கிளாஸ்களைத் தட்டில் வைத்தேன். வலப்பக்கம் மூன்று, விருந்தாளிகள் இருவருக்கும் எனக்கும். மருந்துக் குப்பியின் மூடியால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூடி பிராந்தி. இடப்பக்கம் மூன்று, மாப்பிள்ளைக்கும் மனைவிக்கும் தங்கைக்கும். அவற்றில் வெறும் சோடா. கட்டைவிரலால் கோலியை அழுத்தி ஆறு பாட்டில்களையும் திறந்து ஊற்றினேன். மேலே ஐஸ்கிரீம் போட்டபின் ஆறும் ஒன்றுபோல் இருந்தன. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

கையில் ஒட்டிய உப்பைக் கழுவப் பின்பக்கம் போனேன். நான் திரும்புவதற்குள் தங்கை தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

வலப்பக்கத்தில் இருப்பதை முதலில், வீட்டின் பெரிய விருந்தாளிக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதை நினைத்துத்தான் நானும் வலப்பக்கத்தை நண்பர்களுக்கு வைத்தேன். மாப்பிள்ளை வாராவாரம் வந்து போவதால் அவரை வீட்டாளாக எண்ணிவிட்டேன். அவள் அப்படி எண்ணவில்லை. நேராக அவரிடம் போய், வலப்பக்கத்து முதல் கிளாஸை எடுத்துக் கொடுத்தாள்.

நான் கதவருகே நின்றேன். "அது வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று தங்கை கேட்பாள். அவள் இருக்கும் வீட்டில் பிராந்தி கலந்தேன் என்று எப்படிச் சொல்வது? அந்த யோசனையில் மூன்று விநாடி போனது. ரயிலில் வந்த தாகம். அவர் ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டார். தங்கை மற்ற கிளாஸ்களைக் கைக்கு வந்தபடி கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் கிளாஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன கலந்தீங்க மச்சான்?"

"எசென்ஸ் கொஞ்சம் தூக்கலாப் போச்சு மாப்ள."

அதற்குள் வாளிக்காரர் தன் கிளாஸை உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இது, பச்சப்புள்ளைக்குக் குடுக்கிற மாதிரி இருக்கு? என் மருந்தை யாருக்கு ஊத்துன லா?" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை கிளாஸை நாற்காலிக் காலருகே வைத்தார். மீதி பாதி அப்படியே இருந்தது. எழுந்து அடுக்களை வாசலுக்குப் போய், "இன்னிக்குக் குடிச்சிட்டேன். நாளைக்கு ஒண்ணுன்னு வச்சுக்க" என்றார். எப்படி, யாரால் என்று ஒரு வார்த்தை இல்லை. அவள், "சரி" என்றாள்.

மறுநாள் காலண்டரில் ஒன்று என்று எழுதினேன். அதற்குப்பின் ஐம்பத்திரண்டு ஞாயிறுகள் அவர் வந்தார். ஐம்பத்திரண்டு தடவை சொல்லிவிட நினைத்தேன், சொல்லவில்லை. வாளியைக் கொடுத்தனுப்பிவிட்டேன். பிராந்தியைச் சாக்கடையில் கொட்டினேன்.

முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள் ஒரு திங்கட்கிழமையில் முடிந்தது. செவ்வாய் வேண்டாமென்று புதன்கிழமை அவர் அழைத்துப்போக வந்தார். ஸ்டேஷனில் அவர் டிக்கெட் எடுக்கப் போனபோது தங்கையிடம் சொன்னேன். பிராந்தி, வலப்பக்கம், மூன்று விநாடி, எல்லாவற்றையும்.

"தெரியும் அண்ணே. கழுவுறப்ப மோந்து பார்த்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல? அவரு மேல தப்பில்லேன்னு பழைய கணக்குப்படியே, மீதி அம்பத்து மூணு நாள்ல நீ போயிருக்கலாமே."

"நானும் சொன்னேன். அவருதான், சத்தியம் சத்தியம்தான், முதல்லேருந்து இருக்கேன்னாரு." புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நீங்களா சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பார்த்தேன்."

அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். டிக்கெட்டோடு, ஸ்டேஷன் சோடாக்கடையில் வாங்கிய ஒரு ஐஸ்கிரீம் சோடாவும் கையில் இருந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

"பிடிங்க மச்சான். எசென்ஸ் தூக்கலா இருக்காது."

இருவரும் ஏறினார்கள். ரயில் கிள்ளான் பக்கம் நகர்ந்தது. பாட்டிலைத் திறக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சோடாக்காரர் பின்னாலேயே வந்து, "அண்ணே, குடிச்சிட்டு பாட்டிலைக் குடுத்திருங்க" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, கோலியை அழுத்தி, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கொடுத்தேன்.