நீர்வேலிக் கிணற்றில் கிடைக்காத பல்

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தேன், ஆறுவதாக இல்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

நான் வவுனியாவில் ஒரு பல் வைத்தியரிடம் பொய்ப்பல் செய்து கொடுக்கும் வேலை பார்க்கிறேன். பல் என் தொழில், உயிர்ச்சுவடுகளாக மாறிய பழைய பற்கள் என் பைத்தியம். சுறாப்பல் பதினொன்று வைத்திருக்கிறேன். என்னிடம் இல்லாதது மொசசோர் பல். டைனோசர்கள் தரையில் திரிந்த காலத்தில் கடலை ஆண்ட பெரிய ஊர்வன விலங்கு அது. பெப்ரவரி தொடக்கத்தில் முகநூலில் ஒரு விளம்பரம் கண்டேன். ‘நீர்வேலியில் கிணறு வெட்டும்போது கிடைத்த மொசசோர் பல், விலை எண்பத்தையாயிரம்.’ அது பொய்யாகத்தான் இருக்கும் என்று தெரியும். ஆனாலும் எங்கள் மண்ணில் கிடைத்ததாக இருந்துவிடக்கூடாதா என்று மனம் ஒரு நாள் முழுக்கக் கெஞ்சியது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

காலை ஐந்தரைக்கு வவுனியாவில் பஸ், ஒன்பதுக்கு யாழ்ப்பாணம். இருக்கை பதிந்து போக அறுநூற்றைம்பது ரூபாய் ஆனது. அங்கிருந்து பருத்தித்துறை பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடத்தில் நீர்வேலிச் சந்தி. வாழைத்தோட்டங்களுக்கு நடுவால் இன்னும் இரண்டு கிலோமீற்றர் உள்ளே போக வேண்டும். ஓட்டோவுக்கு முந்நூறு கொடுத்தேன்.

“உந்தப் பல்லுக்காரர் வீட்டையோ?” என்று ஓட்டோ ஓட்டிய அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “போன கிழமையும் வெளிநாட்டுச் சனம் ரெண்டு பேரை ஏத்திக்கொண்டு வந்தனான்.”

“வாங்கினவையோ, அண்ணை?”

“ஓம். பெரிய சந்தோஷமாப் போச்சினம்.”

விற்பவர் நன்றாக உடுத்த, மெதுவாகக் கதைக்கிற மனிதர். தேத்தண்ணி தந்தார். பிறகு வெல்வெட் துணியில் சுற்றிய கல்லை எடுத்து மேசையில் வைத்தார். மணல் நிறக் கல், அதிலிருந்து நடுவிரல் நீளத்துக்குப் பல் வெளியே நின்றது.

இதே வேலையாக நீங்களும் போவதாக இருந்தால், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, அசிட்டோன் (நகப்பூச்சு அழிக்கும் திரவம்), பஞ்சுக்குச்சி, கொஞ்சம் வினாகிரி கொண்டுபோங்கள். நான் முதலில் வில்லையை எடுத்தேன். பல்லின் மேல்பாதி உண்மையானது. எனாமலில் மயிரிழை வெடிப்புகள், முன்னும் பின்னும் கூரான வரம்பு, நுனியில் கடித்துத் தேய்ந்த அடையாளம் எல்லாம் இருந்தன. ஆனால் அந்த வெடிப்புகள் பாதியில், கோடு கிழித்ததுபோல் ஒரே நேராக நின்றுவிட்டன. அதற்குக் கீழே தூரிகை இழுத்த தடமும் உருண்டையான காற்றுக்குமிழ்களும்தான். உண்மைப் பல்லுக்குள் காற்றுக்குமிழ் வராது, பசைக்குள் வரும்.

அனுமதி கேட்டுக்கொண்டு, கல்லின் அடியில் ஓர் ஓரத்தை அசிட்டோன் தொட்ட பஞ்சால் உரசினேன். பஞ்சு மண்ணிறமாகி, மணல் கையோடு வந்தது.

“உதை உங்கடை கிணத்திலையே எடுத்தனீங்கள்?”

“ஓம், தங்கச்சி. பதினெட்டு அடியிலை.”

முற்றத்தில் கிணற்றுக் கல் குவிந்து கிடந்தது. ஒரு துண்டு எடுத்துவந்து வினாகிரி ஒரு துளி விட்டேன். நுரைத்தது. எங்கள் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் அப்படித்தான் நுரைக்கும். பல் இருந்த கல்லில் விட்டேன். துளி சும்மா கிடந்தது.

“மொசசோர் செத்து அறுபத்தாறு மில்லியன் வருசம். எங்கடை கல்லு அதுக்கு நாப்பது மில்லியன் வருசத்துக்கும் பிறகு வந்தது. எப்பிடி உள்ளுக்குப் போய்ப் படுத்தது?” என்றேன். “உது மொரோக்கோவிலை சாக்குக் கணக்கிலை விக்கிற பல்லு. உடைஞ்ச பாதியை நீங்கள் செய்து ஒட்டியிருக்கிறியள்.”

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. “தங்கச்சி, வாங்கின ஒருத்தரும் உப்பிடிக் கதைச்சதில்லை. நெல்லியடிக்கு அங்கால ஒரு பள்ளிக்கூடம் என்னட்டைத்தான் வாங்கினது. பிரதம விருந்தினர் வந்து திறந்து வைச்சவர்.” போனில் படமும் காட்டினார். கண்ணாடிப் பெட்டி, ரிப்பன், சுற்றிவர வெள்ளை உடுப்பில் பிள்ளைகள்.

எனக்குக் கோபம் ஏறியது அப்போதுதான். என்னை ஏமாற்றப் பார்த்தது வேறு. அந்தப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொப்பியில் வரைந்திருப்பார்கள். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

நெல்லியடிக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். படத்தில் கண்ட பாடசாலையை விசாரித்துப் போய்ச் சேர இரண்டு மணியாகிவிட்டது. அதன் பெயர் வேண்டாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விஞ்ஞான ஆசிரியை ஜெயமலர் ரீச்சர் ஆய்வுகூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு என்மேல்தான் கோபம் வந்தது.

“பழைய மாணவர் எல்லாரும் சேர்ந்து வாங்கித் தந்தது. தெரிவு செய்தது நான். நீங்கள் ஆர் வந்து பொய்யெண்டு சொல்ல?”

“நான் சொல்லேல்லை, ரீச்சர். நீங்களே பாருங்கோ.”

வில்லையை நீட்டினேன். பெட்டியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். இதில் பாதிகூட உண்மையில்லை. முழுவதும் அச்சில் வார்த்தது. அச்சின் இரண்டு பாதியும் சேரும் தையல் விளிம்பில் தெரிந்தது. பொய்ப்பல்லில் தினமும் நான் அரத்தால் தேய்த்து மறைக்கிற அதே தையல். கையில் எடுத்தபோது கல்லின் குளிர்ச்சியும் இல்லை. ஊசியைச் சூடாக்கிக் குத்தலாம் என்றேன். உண்மைப் பல்லுக்கு அதைச் செய்யாதீர்கள், கெட்டுப்போகும். இதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

ரீச்சர் தானே மதுசார விளக்கை ஏற்றி, ஊசியைச் சிவக்க வைத்து, பல்லின் அடியில் குத்தினார். ஊசி வெண்ணெயில் போல இறங்கியது. எரிந்த பிளாஸ்ரிக் மணம் அறை முழுக்கப் பரவியது. அவர் வாங்கிலில் உட்கார்ந்துவிட்டார்.

“முந்நூறு பிள்ளையளுக்கு இதைக் காட்டிப் படிப்பிச்சனான்,” என்றார்.

பாடசாலை அதிபர் தன் அறையில்தான் இருந்தார். கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். “ரீச்சர், திறந்து வைச்சாச்சு. பேப்பரிலையும் வந்திட்டுது. ஆருக்கு என்ன நட்டம்? விடுங்கோ.”

விற்றவரைவிட இந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. விற்றவருக்காவது காசு என்று ஒரு காரணம் இருந்தது. பதில் சொல்ல வாய் திறந்தேன். ரீச்சர் முந்திக்கொண்டார்.

“திங்கக்கிழமை காலைக்கூட்டத்திலை நான் சொல்லுறன், சேர். உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் அண்டைக்கு வராமல் விடுங்கோ.”

சொன்னார். திங்கள் மத்தியானம் போன் எடுத்தார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பயந்தாராம், ஒருவரும் சிரிக்கவில்லையாம். அதிபர் அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். ரீச்சர் பொலிஸில் முறைப்பாடு எழுதப் போனபோது, “பல்லுக்கோ?” என்று கேட்டுச் சிரித்தார்கள். பிறகு எழுதிக்கொண்டார்கள். விளம்பரம் இன்னும் இருக்கிறது. கீழே நான் எழுதிய கருத்தை விற்பவர் அழித்து, என்னையும் தடுத்துவிட்டார்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த நாட்டின் எந்தப் பாறைப் படிவிலிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் எழும்பிவிடுங்கள். ஒட்டிய பல்லை ஒட்டியதென்று சொல்லி விற்றால் தவறில்லை, விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மூன்று பல் அழகாக நின்றால் சந்தேகப்படுங்கள். ‘எங்கடை மண்ணில் கிடைத்தது’ என்று சொன்னால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். என்னைப்போல் மனம் கெஞ்சினால் வாங்குவதை ஒரு கிழமை தள்ளிப்போடுங்கள்.

அந்தக் கண்ணாடிப் பெட்டி அதே இடத்தில் இருக்கிறது, பல்லும் இருக்கிறது. பக்கத்தில் இருந்த விளக்க அட்டையை மட்டும் ரீச்சர் மாற்றிவிட்டார். ‘இது பிளாஸ்ரிக். உண்மையென்று நம்பி உங்களுக்குக் கற்பித்தேன். பிழை என்னுடையது. ஜெயமலர்.’ அந்த அட்டையை யாரோ இரண்டு தடவை கழற்றிவிட்டார்களாம்.

“கழட்டட்டும்,” என்றார் நேற்று. “எனக்கு எழுதத் தெரியும்தானே.”