பிரேக் போட்டால் வேகம் கூடும் வண்டி

சந்திரயான் நிலாவில் இறங்கிய வருஷம். விலை ஏறிப்போன கோலார் தக்காளியை ஜனங்கள் கால் கிலோ கால் கிலோவாக வாங்கியதும் அதே வருஷம்தான். அந்தக் கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை கோலார் தங்க வயலுக்குப் போனேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, காலேஜில் பிசிக்ஸ் நடத்தும் என் மகள் டைப் செய்கிறாள்.

போன காரணம் இது. மைன்ஸ் ஓடிய காலத்தில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கேஜ் என்ற கூண்டை இறக்கி ஏற்றும் இன்ஜின் டிரைவர் நான். ஒருநாள் கேஜ் நிற்க வேண்டிய லெவலைத் தாண்டிப் போய் இடித்தது. உள்ளே இருந்த முனிரத்தினத்துக்கு முட்டி நொறுங்கியது. "பிரேக் போட்டேன், அப்படியும் வேகமெடுத்தது" என்று விசாரணையில் சொன்னேன். "பிரேக் போட்டா வேகம் கூடுமாடா, பொய்யா?" என்று கேட்ட முனிரத்தினம், அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

போன மாதம் மகள் சேட்டிலைட் பற்றிச் சொன்னாள். நானூறு கிலோமீட்டர் உயரத்திலும் துளி காற்று உண்டாம், உரசிப் பிடிக்குமாம். ஆனால் வேகம் குறையாது, கூடும்! வண்டி கீழே சரியும். உயரத்தில் இழந்த சக்தியில் பாதி சூடாகப் போகும், மீதிப் பாதி வேகமாகும். வானத்தில் ஒரு சாட்சி கிடைத்தது என்று துள்ளினேன்.

பெங்களூரு கே.ஆர்.புரத்தில் மத்தியானம் இரண்டு மணி ரயில். டிக்கெட் முப்பது ரூபாய். (ஜன்னல் சீட் ஆசை வேண்டாம்.) நாலரைக்கு மாரிக்குப்பம். பொழுது சாயும்வரை ஸ்டேஷனில் இருந்துவிட்டு, முனிரத்தினம் குடியிருக்கும் மைசூர் மைன்ஸ் பக்கம் ஆட்டோ அறுபது ரூபாய்.

"முனிரத்தினம் வூட்டுக்கா? அவரு யாரையும் உள்ள வுடமாட்டாரே" என்றார் ஆட்டோக்காரர்.

"என்னைய வுடவே மாட்டான். நீ கொஞ்சம் நில்லுப்பா."

முனிரத்தினம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வாங்க டிரைவர் சார்! இன்னா, இங்கயும் லெவல் தாண்டி வந்துட்டீங்களா?"

"வானத்த பாக்க வந்தேன். வெளிய வா."

ஆறு முப்பத்திரண்டுக்கு மேற்கில் ஒரு வெளிச்சம் எழும்பியது. மனுஷர்கள் குடியிருக்கும் விண்வெளி நிலையம். மினுக்கல் இல்லை, சத்தம் இல்லை. நாங்கள் இறங்கிய மூன்று கிலோமீட்டர் ஆழத்தை அது அரை நொடியில் தாண்டிவிடும். கேஜுக்கு இருப்பதுபோல் கயிறு கிடையாது, கயிறு சுற்றும் டிரம் கிடையாது. ஏற்றிவிட்டபோது கொடுத்த சக்திதான் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"யப்பா! எவன்டா இத்த வுட்டான்!" என்று வாயைப் பிளந்தான்.

பிரேக் கணக்கை எடுத்துச் சொன்னேன். கேட்டு முடித்துத் திரும்பினான்.

"அது சரிடா. அதுக்கு காத்து பிரேக் போடுது. அன்னிக்கு நீ போட்டியா?"

வெளிச்சத்திலிருந்து கண்ணை எடுத்து அவன் முட்டியைப் பார்த்தேன்.

"இல்ல முனிரத்தினம். கண் அசந்துட்டேன்."

வெளிச்சம் கிழக்கே மங்கி மறையும்வரை அவன் அதையே பார்த்தான். பிறகு, "இத்த சொல்றதுக்கு அம்மாந்தூரத்துலேர்ந்து சாட்சி இட்டாந்தியா? உள்ள வா, டீ குடி" என்று நொண்டிக்கொண்டே முன்னால் போனான்.

போகிறவர்கள் நிலையம் தெரியும் நேரத்தை போனில் பார்த்துக்கொள்ளுங்கள். பொழுது விழுந்த முதல் ஒரு மணி நேரம்தான் தோது. ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். தெருவிளக்கு இல்லாத பக்கமாக நில்லுங்கள். திரும்புவதற்கு விடிகாலை ரயில் வசதி. யாரிடமாவது சொல்ல வேண்டியது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அன்று அந்தக் கேஜில் ஐந்து பேர். கோவிந்தன், சின்னசாமி, பெருமாள், ஆரோக்கியம் நாலு பேரிடமும் நான் உண்மையைச் சொல்லவே இல்லை, ஒவ்வொருவராகக் காலமாகிவிட்டார்கள். இருப்பவன் முனிரத்தினம் ஒருவன்தான்.