பசுமலை டீச்சரின் கியர் வண்டி போட்ட சத்தம்

"இந்த வண்டி இன்னொரு தடவ சத்தம்னு திரும்பி வந்துச்சுன்னா, இருக்கிற கியர் வண்டி அம்புட்டையும் கம்பெனிக்கே ஏத்திவிட்டுருவேன் பாண்டி. நமக்குப் பழைய ஏவாரமே போதும்."

மதுரை கோரிப்பாளையத்தில் நான் வேலை பார்த்த சைக்கிள் கடையின் முதலாளி காதர் பாய் இப்படிச் சொன்னது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். அவர் கத்துகிற ஆள் இல்லை. இதையும் மெதுவாகத்தான் சொன்னார், அதனாலேயே சொன்னதைச் செய்துவிடுவார் என்று தெரிந்தது. கியர் வண்டி வாங்கி வைப்போம் என்று மாதக்கணக்கில் நச்சரித்து அவரைச் சம்மதிக்க வைத்தவன் நான். அதில் வந்த முதல் வண்டியே கடைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தது.

1. தொப்பி வாங்கிய மெக்கானிக்

அதுவரை என் கைக்கு வந்ததெல்லாம் கறுப்பு வண்டிகளும் லேடீஸ் வண்டிகளும்தான். கியர் வண்டிக்கென்று கம்பெனிக்காரர்கள் சென்னையில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். காலையில் பிரேக், மதியத்துக்கு மேல் முன்சக்கரத்தைத் தாங்குகிற, ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். நடுவில் பிரியாணி போட்டுவிட்டார்கள். ஃபோர்க் வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வரும்போது எல்லாருக்கும் ஒரு தொப்பி கொடுத்தார்கள். திருமங்கலம் பக்கம் எங்கள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போதுகூட அதை நான் கழற்றவில்லை.

முதல் வண்டியை வாங்கியவர் சசிகலா டீச்சர். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீடு மகால் பக்கம், கணவருக்குச் சேலை வியாபாரம். வீட்டில் எல்லாரும் ஸ்கூட்டி வாங்கச் சொல்ல, இவர் மட்டும் ஒற்றைக்காலில் நின்று கியர் சைக்கிள் வாங்க வந்திருந்தார்.

"புள்ளைகள கிரவுண்டச் சுத்தி ஓடச் சொல்லிட்டு, நான் பெட்ரோல் வண்டில போய் நின்னா நல்லாவாண்ணே இருக்கும்?"

எங்கள் கடையில் புது வண்டிக்குப் பூஜை போடுவது என் இலாகா. எலுமிச்சம்பழமும் சூடமும் பாயே வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கைகட்டி நிற்பார். முதல் கியர் வண்டி என்பதால் அன்றைக்கு நான் எதிலும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஃபோர்க்கில் சந்தனம், பெடலில் சந்தனம், கண்ணாடி மாதிரி மின்னிய ரிம்மின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஊர்க்கண் படாமல் இருக்க, எலுமிச்சை அளவு படிகாரக் கல் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, ஹேண்டில்பாரிலிருந்து ஃபோர்க்குக்கு முன்னால் தொங்குகிற மாதிரி கட்டிவிட்டேன்.

2. கீச்

ஒரு வாரம்கூட ஆகவில்லை, டீச்சர் வந்துவிட்டார்.

"பிரேக் புடிச்சா கீச்சுனு கத்துதுண்ணே. ரோட்ல போறவுகல்லாம் திரும்பிப் பாக்குறாக."

எனக்கு ஒரே சந்தோஷம். இது பிரியாணிக்கு முந்தைய பாடம். "டோ-இன் டீச்சர்" என்றேன். பிரேக் கட்டையின் முன்முனை ரிம்மில் ஒரு நூல் முந்திப் பட வேண்டும், எல்லாம் சேர்ந்து பட்டால் கத்தும் என்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரு வகுப்பே எடுத்தேன். அதன்படி செட் பண்ணினேன். கத்தியது. கட்டையை எமரி பேப்பரில் தேய்த்துப் பார்த்தேன். அப்போதும் கத்தியது. கடைசியில் செய்வதறியாமல் ரிம்மைப் பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்தேன். துணி மஞ்சளும் சிவப்புமாக வந்தது. சத்தம் நின்றுவிட்டது.

அந்தத் துணியைப் பார்த்த எவனுக்கும் விஷயம் விளங்கியிருக்கும். நான் துணியைத் தூர எறிந்துவிட்டு, "டோ-இன் உக்காந்துருச்சு டீச்சர்" என்றேன்.

3. டொக்

அடுத்தது ஃபோர்க். பிரேக்கைப் பிடித்து, கையை எடுத்தால் டொக். பள்ளத்தில் இறங்கினால் டொக். இது பிரியாணிக்குப் பிந்தைய பாடம்.

முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பேரிங், லூசாக இருந்தால் கையிலேயே தெரியும். ஆட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல் அனுப்பினால் மரியாதை இல்லை என்று ஹெட்செட்டை முறுக்கினேன். ஹேண்டில் திரும்ப மாட்டேன் என்றது. மறுபடி தளர்த்தினேன். அடுத்த தடவை ஃபோர்க்கையே கழற்றி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, கிரீஸ் அப்பி மாட்டினேன். மாட்டிய பிறகு ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. அதற்காக மறுபடி கழற்றினேன்.

ஒவ்வொரு தடவையும் பாலம் வரை ஓட்டிப் பார்ப்பேன். சத்தமே இருக்காது. வண்டி வீட்டுக்குப் போன மறுநாள் போன் வரும். "பாண்டிண்ணே, டொக்குங்குது."

டீச்சர் ஓட்டுகிற முறையில்தான் கோளாறு என்று பாயிடம் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கடைசியாக டீச்சர் வந்த அன்று, கடையில் நின்றபடியே கணவரோடு செல்போனில் சௌராஷ்டிர பாஷையில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நடுவில் வந்த 'ரிட்டன்' மட்டும் நன்றாகப் புரிந்தது. பாய்க்கும் புரிந்தது. டீச்சர் முகம் வாடியிருந்தது. முதலில் சொன்னேனே, பாய் அந்த வார்த்தையைச் சொன்னது அப்போதுதான்.

நான் வழக்கம்போல வண்டியை ஸ்டாண்டில் ஏற்றப் போனேன். டீச்சர் மறித்தார்.

"இன்னைக்கு எதையும் கழட்டாதீங்கண்ணே. நான் பசுமலைக்குப் போறேன், நீங்க கூடவே வாங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க."

கடையின் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டீச்சர் கியரை மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருந்தார். நான் பழங்காநத்தம் தாண்டும்போதே நாக்குத் தள்ளிப் பின்னால் போனேன். தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்றுதான் அது ஒரு வேலைக்கு உதவியது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம். அங்கே ஒருவழியாக டீச்சரை எட்டிப்பிடித்துப் பக்கவாட்டில் வந்தேன்.

அவர் பிரேக் பிடித்தார். படிகாரக் கல் முன்னால் வீசிப் போனது. பிரேக்கை விட்டார். கல் திரும்பி வந்து ஃபோர்க்கின் தலையில் மோதியது. டொக்.

நான் பெடல் மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்னண்ணே, மறுபடி பின்தங்கிட்டீக?"

"கொஞ்சம் நிறுத்துங்க டீச்சர்."

டீச்சர் இறங்கி, நான் பார்த்த இடத்தைக் குனிந்து பார்த்தார். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அந்தக் கல் கேபிள்களுக்குக் கீழே மறைந்துவிடும். இரண்டு விரலால் கல்லைப் பிடித்து ஃபோர்க்கில் ஒரு தட்டுத் தட்டினார். டொக்.

"இது நீங்க கட்டுனதுதானண்ணே?"

"ஆமா டீச்சர்."

"அப்ப நீங்க ஓட்டிப் பாக்கையில ஏன் சத்தம் வரல?"

"சாமி சமாச்சாரம், கிரீஸ் படக்கூடாதுன்னு கழட்டி காலண்டர் ஆணில மாட்டிட்டுத்தான் ஸ்டாண்டுல ஏத்துவேன். ஓட்டிப் பாத்துட்டு, கையக் கழுவிட்டு, திரும்பக் கட்டிருவேன்."

டீச்சர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து சிரித்தார். நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார். முதலில் எனக்கு அழுகை முட்டியது. ஆனால் வண்டி நல்ல வண்டி, அதில் ஒரு குறையும் இல்லை என்று உறைத்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

கல்லைக் கழற்றி வீசப் போனேன். அவர் விடவில்லை. "ஆசையாக் கட்டுனது, இருக்கட்டும். சீட்டுக்கு அடியில இறுக்கிக் கட்டிவிடுங்க." பிறகு அங்கேயே கணவருக்குப் போன் போட்டார். இந்தத் தடவை எனக்கு 'பாண்டிண்ணே', 'படிகாரம்' என்ற இரண்டு வார்த்தைகள் புரிந்தன. 'ரிட்டன்' வரவே இல்லை.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளா, சத்தம் என்று ஒரு வண்டி வந்தால் அதில் தொங்குகிற டிபன் பையைக்கூடக் கழற்றாதீர்கள். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் போய்க் காதைக் கொடுங்கள். ஸ்பேனர் எங்கேயும் ஓடிப்போகாது.

அடுத்த கியர் வண்டி விற்றபோது நான் சந்தனக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினேன். பாய் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"நீ வண்டிய மட்டும் பாரு பாண்டி. பூசைய நான் பாத்துக்கிறேன்."

அதன்பிறகு அந்தக் கடையில் எத்தனையோ வண்டிகளுக்குப் பொட்டு வைத்தது காதர் பாய்தான். டயரில் மட்டும் வைப்பார், ரிம் பக்கம் போகமாட்டார்.